லெஸ்டர் பிரபு, ஒரு சீட்டுக்கட்டு அட்டையின் மேல்

ஆங்கில ஓவியர் நிக்கோலஸ் ஹில்லியர்ட் 1576-இல் வரைந்த, இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்துக்கு நெருக்கமான லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லியின் சிற்றோவியத்தைப் படியெடுக்கும் வேலை கழுத்துப்பட்டை வரை வந்துவிட்டது. மூலத்தின் விட்டம் நாலரை சென்டிமீட்டர்கூட இல்லை. ஹில்லியர்ட் மெல்லிய கன்றுத்தோலைச் சீட்டு அட்டையில் ஒட்டி அதன்மேல் வரைவார். நான் தோலுக்குப் பதிலாக வழவழப்பான பருத்திக் காகிதத்தை இஸ்பேட் ராணியின் மேல் ஒட்டினேன். டட்லிக்குப் பின்னால் ஒரு ராணி இருப்பதுதானே முறை!

முகத்துக்கு முதலில் வெளிர் தோல்நிறத்தைச் சீராகப் பூசி, காய்ந்த பின் நுண்கோடுகளாலேயே மூக்கையும் கன்னத்தையும் எழுப்ப வேண்டும். ஹில்லியர்ட் நிழலை விரும்பாதவர். முதலாம் எலிசபெத்தையே, அவர் தேர்ந்தெடுத்த தோட்டத்தின் திறந்த வெளிச்சத்தில் வரைந்தவர். நிழல் கைகொடுக்காத இடத்தில் மூக்கு தட்டையாகவே கிடக்கிறது. செம்பழுப்புக் கோடுகளைப் பொறுமையாக அடுக்கிய பிறகே அசைந்து கொடுத்தது.

அதிக நேரம் விழுங்கியவை கண்கள். எலிசபெத் டட்லியைத் தன் 'கண்கள்' என்றே அழைத்தார். இவரும் அவருக்கு எழுதிய கடிதங்களில் புருவம் வைத்த இரண்டு வட்டங்களைப் போடுவார். கருவிழிப் புள்ளி மயிரிழை விலகினாலும் அரசவைப் பிரபு குடிகாரனாகிவிடுகிறார்.

வரைய வரைய என்னை உறுத்தியது அந்த முகத்தின் நிம்மதி. தாத்தா எட்மண்ட் 1510-இலும் தந்தை ஜான் 1553-இலும் தம்பி கில்ஃபோர்டு 1554-இலும் தலை வெட்டப்பட்டவர்கள். இவரும் மரண தண்டனைக் கைதியாக லண்டன் கோபுரத்தில் கிடந்தவர். 1558-இல் எலிசபெத் அரியணை ஏறியதும் அரசியின் குதிரைப் பொறுப்பாளர்; 1564-இல் பிரபு. இடையில், 1560-இல், முதல் மனைவி ஏமி ராப்சார்ட் படிக்கட்டின் அடியில் இறந்து கிடந்தார். விசாரணை அதை விபத்து என்றது, ஊர் வாய் அடங்கவில்லை. அரசியை மணக்கும் கனவுக்கு அதுவே குறுக்கே நின்றது. 1575-இல் கெனில்வொர்த் கோட்டையில் அரசிக்கு 19 நாள் விருந்து வைத்தும் பார்த்தார். 1578-இல் லெட்டிஸ் நோலிஸை ரகசியமாக மணந்து அரசியின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார். அந்த விருந்துக்கும் இந்தத் திருமணத்துக்கும் நடுவில் எழுந்த முகம் இது. கண்ணோரம் ஒரு சுருக்கம் சேர்க்கக் கை துறுதுறுத்தது. மூலத்தில் இல்லாததால் விட்டுவிட்டேன். அரசவையில் முப்பது ஆண்டு தாக்குப்பிடித்தவர் தன் ஓவியரிடம் மட்டும் கவலையைக் காட்டியிருப்பாரா என்ன?

கழுத்துப்பட்டையின் சரிகைப்பின்னலுக்குக் கெட்டியான வெள்ளையைத் துளித்துளியாக மேடாக வைக்க வேண்டும். ஹில்லியர்ட் காலத்து ஈய வெள்ளை நஞ்சு என்பதால் டைட்டானியம் வெள்ளை எடுத்தேன். வண்ணத்தில் பிசின் கூடினால் வெடிப்பு விடுகிறது. குறைந்தால் பொடியாக உதிர்கிறது. பதம் பிடிபட்டபின், வெளிச்சத்தில் சாய்த்தால் ஒவ்வொரு துளிக்கும் தனி நிழல் விழுகிறது. இந்த அளவில் அது பெரிய சந்தோஷம்.

அடுத்தது நீலப் பின்புலம். அதன்மேல் ஆண்டையும் அவருடைய வயது 44 என்பதையும் பொன்னெழுத்தில் எழுத வேண்டும். ஓவியர் பட்டு உடுத்த வேண்டும், பஞ்சிழை உதிராது. படத்தின் மேல் குனிந்து பேசக்கூடாது, எச்சில் தெறிக்கும் என்பது ஹில்லியர்டின் கண்டிப்பு. பட்டுக்கு வழியில்லை. பொன்தூள் கரைக்கும் அன்று மின்விசிறியை நிறுத்திவிடுவதாக உத்தேசம்.