விடுதியில் காமாலை வந்தால்: தொட்டியைக் கழுவும் முன் தண்ணீரை எடுத்து வையுங்கள்

கண் மஞ்சளாகிப் பிள்ளைகள் வரத் தொடங்கிய அன்றே எங்கள் விடுதியில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: கேட்டுக்கு வெளியே நிற்கிற பானிபூரி வண்டிதான் காரணம். வண்டியை விரட்டினார்கள். அடுத்த வாரமும் புதிதாகச் சிலருக்குக் காமாலை வந்தது. கடலூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் துணை வார்டனாக இருக்கிறேன். அந்த மழைக்காலத்தில் பட்டதெல்லாம் வேறொரு விடுதிக்காவது பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எத்தனை பேருக்கு வந்திருக்கிறது என்பதே முதலில் தெரியவில்லை. நம் பக்கத்தில் காமாலை என்றால் பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போய்க் கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் வைப்பார்கள். விடுதிப் பதிவேட்டில் 'காய்ச்சல், ஊருக்குச் செல்கிறேன்' என்று மட்டும் இருக்கும். அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு பண்ருட்டி, விருத்தாசலம், காட்டுமன்னார்கோயில் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன். ஓர் அம்மா சொன்னார்: "கண்ணு மஞ்சளாத்தாம்மா இருக்கு. சொன்னா ஹாஸ்டல விட்டு அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டோம்." கேட்டதும் மனசு கஷ்டமாகிவிட்டது. யாரையும் வெளியேற்ற மாட்டோம் என்று அன்றைக்கே எல்லாப் பெற்றோருக்கும் தகவல் அனுப்பச் சொன்னேன். அதன் பிறகுதான் உண்மையான எண்ணிக்கை வெளியே வந்தது. பட்டியல் போடப் போகிறவர்கள் இந்த வாக்குறுதியை முதலில் கொடுத்துவிடுங்கள்.

பட்டியல் எப்படிப் போடுவது என்று கற்றுக்கொடுத்தவர் எங்கள் பகுதிச் சுகாதார ஆய்வாளர். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள். யாரையெல்லாம் கணக்கில் சேர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்யச் சொன்னார். ஐப்பசிக்குப் பிறகு விடுதியில் தங்கியவராகவோ வேலை செய்தவராகவோ இருக்க வேண்டும். கண் மஞ்சளாகியிருக்க வேண்டும், அல்லது வாந்தி, பசியின்மையோடு சிறுநீர் கடும் மஞ்சளாகப் போயிருக்க வேண்டும். அப்புறம் பெயர், பிளாக், அறை, முதல் அறிகுறி தொடங்கிய தேதி, எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார் என்று கட்டம் போட்டோம். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. சிலருக்கு எடுத்த ஐஜிஎம் பரிசோதனையிலேயே (அண்மையில் தொற்றியதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஹெபடைடிஸ் ஏ என்று உறுதியானது; மலம் கலந்த தண்ணீர், உணவு வழியாகப் பரவிக் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் அது.

இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். "நேத்து என்ன சாப்பிட்டே?" என்று கேட்டுப் பயனில்லை. காலரா என்றால் கிருமி உள்ளே போன சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் காட்டிவிடும். ஹெபடைடிஸ் ஏ வைரஸ் 15 நாளிலிருந்து 50 நாள் வரை எடுத்துக்கொள்ளும், சராசரி 28 நாள். அதாவது, தேட வேண்டியது போன மாதத்தை. அறிகுறி தேதிகளைக் காலண்டரில் குறித்ததும் பெரும்பாலானவை ஒன்றிரண்டு வாரத்துக்குள் நெருக்கமாக விழுந்தன. அங்கிருந்து நான்கு வாரம் பின்னால் எண்ணினால், வளாகத்தில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்ற நாட்கள்!

நோயில்லாதவர்களையும் கேட்க வேண்டும் என்று ஆய்வாளர் வற்புறுத்தினார். அதனால்தான் வழி பிறந்தது. பானிபூரி தொடாத பிள்ளைகளுக்கும் காமாலை வந்திருந்தது; தினமும் அங்கே நின்ற புது பிளாக் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். மெஸ் இரண்டு பிளாக்குக்கும் ஒன்றுதான், ஆனால் நோய் பழைய பிளாக்கில் மட்டும். பழைய பிளாக்கின் சம்ப்பை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை, போய்ப் பார்த்தோம். மூடி தரைமட்டத்தில் இருந்தது, செப்டிக் டேங்க் நாலு எட்டில். அந்த பிளாக்கின் ஆர்.ஓ. இயந்திரமும் பழுதாகிக் கிடந்ததால் பிள்ளைகள் குழாயில் பிடித்துக் குடித்திருக்கிறார்கள்.

சரி, தண்ணீரைச் சோதிக்கலாம் என்றால், அதற்கு முன்பே பராமரிப்பு ஆட்களை வைத்து சம்ப்பைக் கழுவி பிளீச்சிங் பவுடரைக் கொட்டியிருந்தார்கள். யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்று இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. தடயம் போய்விட்டதே! அலுவலகத்தில் ஒருவர் மினரல் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோனார். வாங்க மறுத்துவிட்டார்கள். கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களிடமே முன்கூட்டி வாங்க வேண்டும். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் அதை முறிக்க சோடியம் தயோசல்பேட் போட்ட பாட்டில் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். அங்கிருந்த எழுத்தர் இன்னொன்றும் சொன்னார்: கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம் இல்லாமல் பாட்டில்கூடத் தர முடியாது. முதல்வரோ சென்னையில். நிர்வாகத்தில் ஒருவர், "எழுத்துல எதுவும் வேணாம் மேடம், பேப்பர்ல வந்துடும்" என்றார். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா வந்து பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கும் வரை போனதை அவருக்கு நினைவுபடுத்தினேன். கடிதம் கையெழுத்தாகி வந்தது.

எங்களைக் காப்பாற்றியவர் மோட்டார் ஆபரேட்டர் அண்ணன். "மேடம், மாடியில சின்னத் தொட்டி ஒண்ணு இருக்கு. வால்வு துருப்புடிச்சுப் போச்சுன்னு அதை மட்டும் கழுவல." ஓடிப்போய் அதிலிருந்து முறைப்படி எடுத்தோம். பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பாட்டில். ஆய்வாளர் தந்த சோதனைக் குப்பியில் கொஞ்சம். மறுநாள் குப்பித் தண்ணீர் கன்னங்கரேலென்று மாறியிருந்தது. மலம் கலந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அப்புறம் வந்த அறிக்கையில் ஈ.கோலை என்கிற குடல் பாக்டீரியா இருந்தது. இந்தச் சோதனைகள் வைரஸைக் காட்டாது, ஆனால் கழிவு கலந்ததைக் காட்டும். சம்ப்பை மூட வைக்க அது போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. லாரித் தண்ணீர், கொதிக்க வைத்துக் குடிப்பது, செப்டிக் டேங்க் சுத்தம், சம்ப்பின் வாயைச் சுவர் எழுப்பி உயர்த்துவது. இரண்டு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். புது பிளீச்சிங் பவுடரில் குளோரின் ஏறக்குறைய 33 சதவீதம் இருக்கும். ஈரமான ஸ்டோரில் வாய் பிரித்துக் கிடந்த எங்கள் மூட்டையில் சத்தே இல்லை. குளோரின் இருந்தால் மஞ்சளாக்கும் சோதனைத் திரவத்தை விட்டும் தண்ணீர் மஞ்சளாகவே மாறவில்லை. புது மூட்டை வாங்கிய பிறகுதான் குழாய்த் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்கிற குறைந்தபட்ச அளவைத் தாண்டியது. இன்னொன்று, வாசலில் சானிடைசர் வைத்துத் திருப்திப்படாதீர்கள். இந்த வைரஸை அது சரியாகக் கொல்லாது. கழிப்பறையில் சோப்பு வேண்டும்.

மெஸ் அக்காக்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தபோது சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று சண்டையே போட்டேன். கண் மஞ்சளாவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே இது பரவும். கூலி போய்விடும் என்று பயந்தால் யாரும் காய்ச்சலைச் சொல்ல மாட்டார்கள். கொடுத்தார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு அவருக்குக் காமாலை இல்லை என்றார்.

கிருமி உள்ளே போனதிலிருந்து அறிகுறி வரும் வரையான நாட்களை அடைகாக்கும் காலம் என்பார்கள். கடைசி நோயாளிக்குப் பிறகு அதில் இரண்டு மடங்கு, அதாவது 100 நாள், புதிதாக யாருக்கும் வராமல் இருந்தால்தான் முடிந்தது என்று சொல்ல முடியும். அதுவரை பட்டியலை மூடவில்லை. சம்ப்பை மூடிய பிறகு, நோயாளிகளின் அறைத் தோழிகளுக்கு வந்தது தவிர வேறில்லை.

அந்தப் பட்டியல் இன்னொரு வகையிலும் கைகொடுத்தது. ஊரில் நாட்டு மருந்து சாப்பிட்ட பிள்ளைகளிடம் மருத்துவச் சான்றிதழ் இல்லை. வருகைப் பதிவு குறைவு, செமஸ்டர் எழுத முடியாது என்று துறையில் சொல்லிவிட்டார்கள். பட்டியலையும் தண்ணீர் அறிக்கையையும் சேர்த்து, விடுதித் தண்ணீரால் வந்த நோய்க்குப் பிள்ளைகள் பொறுப்பல்ல என்று எழுதிக் கொடுத்தேன். அத்தனை பேருக்கும் ஹால் டிக்கெட் கிடைத்தது.