பழைய புல்லட்டுக்கு ரோட்டார் தேடிய அனுபவம்

வண்டி 1978 மாடல் புல்லட் 350. வலங்கைமானில் கைமாறி வாங்கியது. 6 வோல்ட்டில் பிறந்த வண்டியை இடையில் யாரோ 12 வோல்ட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஹெட்லைட்டைப் போட்டால் ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கமே சாய்ந்து கிடக்கும், அதாவது பேட்டரி சார்ஜ் ஏறாமல் கரைந்துகொண்டிருக்கும். போதாததற்கு, ஐடிலில் எஞ்சினின் இடது பக்கம் 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். ஆக்சிலரேட்டரைத் திருகினால் அடங்கிவிடும்.

கும்பகோணத்தில் முதலில் காட்டிய பட்டறையில் "கனெக்டிங் ராட் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ராட் போயிருந்தால் லோடு இழுக்கும்போதுதானே சத்தம் கூட வேண்டும்? இதுவோ இரண்டு பேரை வைத்துக்கொண்டு பாலம் ஏறும்போதும் சுத்தமாக இழுத்தது.

நாச்சியார்கோவில் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார், புல்லட் மட்டும்தான் பார்ப்பார். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "தம்பி, எஞ்சினைத் தொடாதீங்க. செயின் கவரைக் கழட்டுங்க, சொல்றேன்" என்றார். எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் இடையே ஓடும் செயினை இடது பக்கத்தில் மூடியிருக்கும் கவர் அது. நடுவில் இருக்கும் ஒரே நட்டைக் கழற்றினால் கவர் வந்துவிடும். கீழே தட்டு வைக்காவிட்டால் ஆயில் முழுக்கத் தரையில்தான். மூன்று நட்டைக் கழற்றி, மின்சாரம் உண்டாகும் கம்பிச் சுருளான ஸ்டேட்டரை எடுத்தோம். வண்டியை டாப் கியரில் போட்டுப் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு, ஸ்டேட்டருக்குள் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் காந்தமான ரோட்டாரின் நட்டையும் கழற்றினோம்.

ரோட்டார் வெளியே வந்ததும் விஷயம் தெரிந்தது. இந்தப் பாணி ரோட்டாரில் நடுவில் ஒரு இரும்பு புஷ் (ஷாஃப்ட் நுழையும் குழல்), அதைச் சுற்றிக் காந்தங்களையும் சேர்த்து அலாய் வார்த்திருப்பார்கள். வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து புஷ் அலாயிலிருந்து விட்டுப்போகும். ஷாஃப்ட்டில் நட்டும், ரோட்டார் தனியாகச் சுழலாமல் பிடிக்கும் சாவித் துண்டும் இறுக்கமாகவே இருக்கும், உள்ளே புஷ் மட்டும் ஆடும். கையில் பிடித்து முறுக்கியபோதே லேசாக அசைந்தது. ராட் சத்தம் என்று சொன்னது இதைத்தான்.

அப்புறம்தான் தேடல். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் கடைக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி "எந்த மாடல்?" என் வண்டிக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. வருஷத்தைச் சொன்னால் கிடைப்பது அந்த வருஷத்து ரோட்டார், உள்ளே இருப்பதோ பின்னால் மாட்டிய ஸ்டேட்டர். ஆகவே மாடலை விட்டுவிட்டு அளவோடு போனேன்: ரோட்டாரின் வெளி விட்டம், தடிமன், ஷாஃப்ட் ஓட்டை, சாவிக் காடி, கூடவே ஸ்டேட்டரின் உள் விட்டம். இதை அளக்கும் வெர்னியர் கருவி லேத் பட்டறையில் கிடைக்கும். ஆனால் மேட்டூர் திறந்து குறுவை வேலை தொடங்கிவிட்டால் அங்கே டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும்தான் முதல் மரியாதை, நாம் ஓரமாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு கடையில் கிடைத்தது ஷாஃப்ட்டில் கச்சிதமாக ஏறியது, ஆனால் ஸ்டேட்டரில் உரசியது. இன்னொன்று தடிமனில் குறைவு. அது சுற்றும், ஆனால் ஸ்டேட்டரின் முழு அகலத்துக்கும் காந்தம் எட்டாது, சார்ஜ் குறையும். சென்னை புதுப்பேட்டையில் பழசு வாங்கலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அதன் புஷ்ஷும் என்னுடையதைப் போலவே வயதானதுதானே. கடைசியில் திருச்சியில் புதிதாக ஒன்று அளவோடு ஒத்துப்போனது.

மாட்டும்போது பெரியவர் விட்டுக்கொடுக்காத வேலை ஒன்று உண்டு. ரோட்டாரில் ஒட்டிய இரும்புத் தூளை எல்லாம் துடைத்துவிட்டு, 0.2 மி.மீ. ஃபீலர் கேஜை (இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடு) ரோட்டாருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவில் சுற்றிலும் விட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் நுழையவில்லை. ஸ்டேட்டரைப் பிடிக்கும் ஸ்டட் ஒன்று லேசாக வளைந்திருந்தது. அதை நேராக்கிய பிறகே நட்டை முறுக்கவிட்டார்.

இப்போது டொக் டொக் இல்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் காட்டுகிறது, லைட் போட்டாலும் முள் மைனஸுக்குப் போவதில்லை. கவரை மூடும் முன் ஸ்டேட்டர் வயர் செயினில் படாமல் ஓரமாகப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் பழைய வயரின் தோல் அங்கேதான் தேய்ந்திருந்தது.