தேர்வு எழுதும் வீட்டில் ஒரு ஜூலை மாதம்

ஜூலை 5, 2025, சனி

அண்ணன் திருமங்கலத்திலிருந்து வந்திருந்தார். காபியைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்துவிட்டார். "இருபத்தேழு வயசாச்சு, இன்னும் அம்மா பென்ஷன்ல சாப்பிடுறான். அந்த வயசுல எனக்கு ரெண்டு பிள்ளைக. நான் யாருகிட்டயும் கைநீட்டுனதில்ல." என் மகன் அரசு வேலைத் தேர்வுக்காக உள்ளே படித்துக்கொண்டிருந்தான். கதவு திறந்துதான் இருந்தது.

அண்ணன் உழைத்தவர்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் மில்லுக்குள் நுழைந்தது அப்பாவின் பேரில். அந்த நாளில் மதுரையில் மில் தொழிலாளிகள் சொல்லிவைத்துப் பிள்ளையை உள்ளே சேர்ப்பது சாதாரணம். கல்யாணமான பிறகும் அப்பா கட்டிய மாடியில்தான் வாடகை இல்லாமல் குடியிருந்தார். பிள்ளைகளை அம்மா வளர்த்தாள். எதுவும் பணமாகக் கைமாறவில்லை, அதனால் அது உதவிக் கணக்கிலேயே வரவில்லை. இதைச் சொன்னேன். "அது வேற, இது வேற" என்றார். எனக்கு வேறாகத் தெரியவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

அண்ணன் பேச்சு மனதிலேயே நிற்கிறது. நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள், பிறந்தது 1963. பழைய விதிப்படி 58 வயதில், 2021-இல் வேலையை முடித்திருக்க வேண்டும். 2020 மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். வார்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கூடுதலாக இரண்டு வருஷம் முழுச் சம்பளம். நாங்கள் எழுந்து போகாத நாற்காலிகள் காலியிடக் கணக்கில் வரவில்லை. அதே வருஷங்களில்தான் என் மகன் "அறிவிப்பு வருமா, வருமா" என்று காத்திருந்தான்.

பென்ஷனும் அப்படித்தான். 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவள் என்பதால் எனக்குப் பழைய ஓய்வூதியம். இந்த 2025 நிலவரப்படி அவனுக்கு அரசு வேலை கிடைத்தாலும், சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் பங்களிப்புத் திட்டம்தான். என் காலம் எனக்குக் கொடுத்ததை அவன் காலம் அவனுக்குக் கொடுக்கவில்லை. அதில் கொஞ்சத்தை நான் அவனுக்குச் செலவழிப்பதை யாரும் செல்லம் என்று சொல்ல வேண்டாம்.

மெக்கானிக்கல் முடித்ததும் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குப் போனான். மாதம் பதினாலாயிரம். ஐந்து பையன்கள் ஒரே அறையில். ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அண்ணன் இதையெல்லாம் கேட்பதில்லை.

ஜூலை 10, வியாழன்

புதுநத்தம் சாலைக் கலைஞர் நூலகத்துக்கு மகனுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். 2023-இல் திறந்ததிலிருந்து அவன் பாதி நேரம் அங்கேதான். போட்டித் தேர்வுப் பகுதியில் உட்கார இடமில்லை. கழுத்தில் தாலியோடு ஒரு பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறாளாம். இவர்களைப் பார்த்துச் சோம்பேறித் தலைமுறை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஜூலை 12, சனி

இன்று டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. மொத்தம் 3,935 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்து 89 ஆயிரம் பேர். ஒரு இடத்துக்கு முந்நூற்றைம்பது பேருக்கு மேல். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வில் இன்ஜினியர்களும் எம்.எஸ்ஸி.க்காரர்களும் வரிசையில் நிற்கிறார்கள்.

தேர்வு மையம் தங்கை வீட்டுத் தெருவில் இருந்ததால் அவனை இறக்கிவிட்டு அங்கே போனேன். பள்ளிக்கூட வாசலில் அப்பாக்கள் கூட்டம். ஹால் டிக்கெட், ஆதார் நகல், கறுப்பு பால்பாயின்ட் பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவர்கள் கையில். பக்கத்தில் நின்ற அம்மா சொன்னாள்: "அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. அப்ளிகேஷன் போட்டது, பணம் கட்டுனது, போட்டோ ஏத்துனது எல்லாம் அவங்கப்பாதான்." குரலில் பெருமை இருந்தது. மகளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நாளை அவள் கிராம நிர்வாக அலுவலர் ஆனால் ஒரு ஊரே அவளிடம் சான்றிதழுக்கு வந்து நிற்கும்.

பணம் கொடுப்பதால் பிள்ளை கெடுவதில்லை. அவர்கள் வேலையை நாம் பிடுங்கிச் செய்கிறோமே, அதில்தான் கெடுகிறார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

சென்னையிலிருந்து மகள் பேசினாள். லேடீஸ் ஹாஸ்டல் போதுமாம். கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு பெருங்குடியில் வீடு எடுக்கப் போகிறாள். என் கணவர் போனை வாங்கி, "மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றார். அவ்வளவுதான், அவள் பொங்கிவிட்டாள்.

"அண்ணன் ராத்திரி பன்னெண்டு மணிக்கு வெளிய போனா எங்கன்னு கேக்க ஆளில்ல. நான் மூணு வருஷமா சம்பாதிக்கிறேன், வீட்டுக்கும் அனுப்புறேன். வீடு மாறணும்னா மட்டும் ஊரெல்லாம் கேக்கணுமாப்பா?"

அவர் பதில் சொல்லவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. இளைய தலைமுறை பெற்றோரைச் சார்ந்திருக்கிறது என்று பேசும்போது நாம் பையன்களை மட்டும் நினைக்கிறோம். சொந்தக் காலில் நிற்கிற பெண்ணை நிற்க விடாமல் பிடித்து வைத்திருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் 1982-இல் பெரியாஸ்பத்திரிக்கு நர்ஸிங் படிக்க வந்தபோது, உதவித்தொகையில் மிச்சம் பிடித்து உசிலம்பட்டிக்கு மணியார்டர் அனுப்பினேன். அப்போதும் ஹாஸ்டல் வார்டன் கையெழுத்து இல்லாமல் வெளியே போக முடியாது. நாற்பது வருஷத்துக்குப் பிறகு என் மகளுக்கும் அதே நிலை என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூலை 16, புதன்

ராத்திரி மகனிடம் உட்கார்ந்து பேசினேன். மெஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் நான் தருவேன், அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டேன். ஆனால் காலைச் சமையல் இனி உன்னுடையது, உன் துணி உன்னுடையது, ரேஷன் கடையும் கேஸ் புக்கிங்கும் உன்னுடையது என்றேன்.

"படிக்கிற நேரம்மா" என்றான். உன் தங்கை ஷிப்ட் முடிந்து வந்து சமைத்துச் சாப்பிட்டுத்தான் தூங்கப் போகிறாள், அவளுக்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். முகம் சுருங்கியது. வேலை இல்லாதது அவன் தப்பில்லை. தட்டை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுவது அவன் தப்பு. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதில்லை, அவனும் போட வேண்டாம்.

நான் பிறந்த வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஒருவருக்கு உட்கார்ந்து பரிமாற அம்மாவுக்கு நேரம் இருந்ததே இல்லை. இப்போது தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளை என்று 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஐந்து பேர் பகிர்ந்துகொண்ட கவனம் முழுக்க ஒன்றிரண்டு பேர் தலையில் கொட்டுகிறது. அன்பு கூடியிருக்கிறது, சரி. அப்புறம், நம் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஜூலை 19, சனி

எதிர்வீட்டுக்காரர் மகன் பெயருக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதப் போகிறாராம். கேட்டதால் சொன்னேன். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளை கவனிக்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் அந்த வயதில் அந்த அலைச்சல் எதற்கு என்றேன். எங்கள் வீடு எங்கள் காலம்வரை எங்கள் பெயரில் இருக்கும், பிறகு இருவருக்கும் சரிபாதி. மகனிடமும் இதைச் சொல்லியாயிற்று. "தெரியும்மா" என்றான். எனக்கு அது பிடித்திருந்தது.

ஜூலை 27, ஞாயிறு

குரூப் 2 அறிவிப்பு வந்துவிட்டது. 645 இடங்கள், முதல்நிலைத் தேர்வு செப்டம்பர் 28. அண்ணா நகரில் ஒரு டியூஷன் சென்டரில் சாயந்தரம் கணக்கு எடுக்கப் போகிறான் மகன். சம்பளம் கொஞ்சம்தான், விண்ணப்பக் கட்டணம் இனி அதிலிருந்து. வெண்பொங்கல் நன்றாக வருகிறது. சாம்பாரில் இன்னும் புளி தூக்கல்.

மகள் பெருங்குடி வீட்டுக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டாள். அட்வான்ஸ் பத்து மாத வாடகை, மூன்று பேர் பங்கு. அவள் பங்கில் பாதியை நான் கொடுத்தேன், மாதாமாதம் திருப்பித் தருவதாகச் சொன்னாள், சரி என்றேன். அவள் வாக்கு அவளுக்கு முக்கியம். அவள் அப்பா இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் வீட்டு உரிமையாளரின் நம்பரை மட்டும் கேட்டு வாங்கினார். கூப்பிட்டு விசாரிக்கவா என்று கேட்டார். வேண்டாம், அது அவள் வீடு என்று சொன்னேன்.