மழை விட்டும் கலங்கல் விடவில்லை

வாரம் முழுக்கக் கொட்டித் தீர்த்த மழை வெள்ளிக்கிழமை இரவு ஓய்ந்தது. "நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பிடலாம்" என்றார் என்னோடு வழக்கமாகத் தூண்டில் போட வரும் நண்பர். இலையுதிர் காலத்தில் வெயிலோடு ஒரு வார இறுதி வாய்ப்பது அரிது, அவர் அவசரம் புரிந்தது. திங்கட்கிழமை போகலாம், விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வானத்தில் மழை முடிந்துவிட்டது, சரி. ஏரிக்கு அது அப்போதுதான் வந்து சேர்ந்துகொண்டிருந்தது. காட்டிலும் சரிவிலும் வயலிலும் விழுந்த தண்ணீர் ஓடைகளாகக் கூடி இறங்க நேரம் பிடிக்கும். பெரிய ஏரியாக இருந்தால் மழை நின்ற பிறகும் ஓரிரு நாள் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கும்.

அதற்குள் அவர் செல்போனில் காற்றழுத்தக் கணக்கைத் திறந்துவிட்டார். அழுத்தம் ஏறினால் மீன் வாயைத் திறக்காது, இறங்கினால் வெறியோடு கடிக்கும் என்பது தூண்டில்காரர்கள் பலரின் நம்பிக்கை. எனக்கு அதில் அவ்வளவு பிடிப்பு இல்லை. ஒரு புயல் கடந்து போகும்போது அழுத்தம் 20, 30 ஹெக்டோபாஸ்கல் மாறலாம். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் தரும் அழுத்தம். அத்தனை பெரிய புயலின் மாற்றத்தை ஒரு மீன் ஒரு முழம்கூட நீந்தாமலே உணர்ந்துவிடும், அதை நாளெல்லாம் செய்துகொண்டும் இருக்கிறது. அழுத்தத்தோடு சேர்ந்து வரும் காற்றும் மேகமூட்டமும் நீர்மட்டமும்தான் மீனை இடம் மாற்றுகின்றன என்பது என் எண்ணம். நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த விவாதம் எங்களுக்குள் தீரவே தீராது.

நான் பார்த்தது வரைபடத்தில் ஓடைகளை. எந்த ஏரிக்கு எந்த மண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது என்பதுதான் கனமழைக்குப் பிந்தைய முதல் கேள்வி. மணல் சீக்கிரம் படிந்துவிடும். 0.1 மில்லிமீட்டர் மணல் துகள் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். களிமண் அப்படியல்ல. 2 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுள்ள தனித்துகள் குளிர்ந்த, அசையாத தண்ணீரில் ஒரு நாள் முழுக்க இறங்கினாலும் கால் மீட்டர்தான் போகும். காற்று கிளறிவிட்டால் அதுவும் இல்லை. அதனால் உழுத வயல்களிலிருந்து தண்ணீர் வாங்கும் ஏரி கலங்கினால் வாரக்கணக்கில் கலங்கியே கிடக்கும். பாறையும் காடும் சூழ்ந்தது சீக்கிரமே தெளியத் தொடங்கும். நாங்கள் தேர்ந்தெடுத்த ஏரிக்கு இரண்டு வரத்துகள்: ஒன்று காட்டிலிருந்து, இன்னொன்று வயல்வெளி வழியாக. ஒரு பக்கம் சரியில்லை என்றால் மறுபக்கம் போகலாம் என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

கிளம்பும் முன் அந்த ஏரியின் மீன்பிடி விதிகளையும் பார்த்துக்கொண்டோம். பழுப்பு ட்ரவுட் போன்ற சில மீன்கள் இலையுதிர் காலத்தில்தான் முட்டையிடும். மழையில் ஓடை பெருகியதும் அவை ஏரியை விட்டு ஓடைக்குள் ஏறும். அந்தச் சமயத்தில் ஓடைக்குள் தூண்டில் போடத் தடை இருக்கும் இடங்கள் உண்டு. தடை இல்லாவிட்டாலும் முட்டையிடப் போகிற மீனை மறிப்பது எனக்குப் பிடிக்காது.

திங்கட்கிழமை காலை, கடைசி வளைவில் ஏரி முழுவதும் கண்ணில் பட்டது. கனமழைக்குப் பிறகு ஏரியை முதலில் மேட்டிலிருந்து பார்ப்பது நல்லது. கரையில் நின்றால் தெரியாத கணக்கு அங்கே தெரியும். வயல் பக்கத்துக் குடா முழுக்கச் செம்மண் நிறம். காட்டோடை வரும் பக்கம் கரும்பழுப்பு, கொஞ்ச தூரத்திலேயே அது சட்டென்று முடிந்து பச்சைத் தண்ணீர் தொடங்கியது. "அந்தக் கோடுதான் நமக்கு" என்றேன்.

அந்தக் கோடு எப்படி உண்டாகிறது என்பது எனக்கு அலுக்காத விஷயம். கோடையெல்லாம் சூடேறிய ஏரி மெதுவாகத்தான் ஆறும். மழைத் தண்ணீர் ஓடும் சிற்றோடை சட்டென்று குளிர்ந்துவிடும். குளிர்ந்த தண்ணீர் கனம் கூடியது, வண்டலையும் சுமந்தால் இன்னும் கனம். அது ஏரிக்குள் நுழைந்து கொஞ்ச தூரம் மேலாக ஓடி, பிறகு மொத்தமாக அடியில் மூழ்கிவிடும். மூழ்க முடியாத நுரையும் சருகும் சுள்ளியும் அந்த இடத்தில் ஒரு வரிசையாக ஒதுங்கி நிற்கும். வரிசைக்கு அப்பால் மேலே தெளிவு, கீழே கலங்கல். ஓடை அடித்துக்கொண்டு வந்த புழுவும் பூச்சியும் அங்கே சிதறும், சிறுமீன் கூடும், அதைத் தேடிப் பெரியது வரும். கலங்கலுக்குள் மறைந்து நின்று தெளிவுக்குள் பாய்வது வேட்டை மீனுக்கு வசதி.

படகில் ஏறுமுன் ஒரு வெள்ளை டப்பா மூடியைக் கயிற்றில் கட்டி, கல் சேர்த்துத் தண்ணீரில் இறக்கினேன். நண்பர் சிரித்தார். 1865இல் இத்தாலியப் பாதிரியாரும் வானியல் அறிஞருமான ஆஞ்செலோ செக்கி கடலில் வெள்ளைத் தட்டுகளை இறக்கித் தெளிவை அளந்தார். இன்றும் ஏரி ஆய்வாளர்கள் அவர் பெயர் கொண்ட தட்டைத்தான் இறக்குகிறார்கள். என் மூடி ஒரு முழத்துக்குள் மறைந்துவிட்டால் கண்ணால் வேட்டையாடும் மீனை அங்கே தேடுவதில்லை என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு. அங்கே வாசனையையும் மீசையையும் நம்பும் கெளுத்திக்கும் கெண்டைக்கும் மண்புழு கோத்து அடியில் போடலாம். வயல் பக்கத்தில் மூடி போட்டவுடன் காணாமல் போனது. கோட்டுக்கு அருகே ஒரு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

மிதந்து வரும் மரக்கட்டைகள்தான் படகில் உண்மையான தலைவலி. வெள்ளம் கொண்டுவந்த தடி பாதி மூழ்கி, தண்ணீர் நிறத்திலேயே கிடக்கும். ஒருவர் ஓட்ட, ஒருவர் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே வர வேண்டும். மிதவைச் சட்டையைக் கழற்றும் பேச்சே கிடையாது. குளிர்ந்த நீரில் விழுந்தவர்களுக்கு 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குவது பெரும்பாலும் அந்த முதல் இரண்டு கட்டங்களில்தான். இடி கேட்டால் கரைக்கு வந்து, கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். நம் கையிலிருக்கும் தூண்டில் கோல், அந்த கிராஃபைட் ராட், மின்சாரத்தை நன்றாகவே கடத்தும்.

சரி, மீனுக்கு வருவோம். தெளிவுக்குள் நின்று கலங்கல் ஓரத்துக்கு எறிந்து, குறுக்கே இழுத்து வந்தோம். நான் வட்டத் தகடு சுழலும் செயற்கை இரையான ஸ்பின்னரைக் கட்டினேன், அது மெதுவாக இழுத்தாலும் தண்ணீரைப் பலமாக அதிரவைக்கும். மங்கலான தண்ணீரில் மீன் தன் விலாவில் அதிர்வை உணரும் உறுப்பான பக்கவாட்டுக் கோட்டால் அதைப் பிடித்துக்கொண்டு கிட்டே வரும், கடைசி நேரத்தில்தான் கண் வேலை செய்யும். நிறத்தில் பளிச்சென்ற மஞ்சள்பச்சை, இல்லையென்றால் முழுக் கறுப்பு. நடுவில் உள்ள நிறங்கள் எல்லாம் கடைக்காரருக்குத்தான் லாபம்.

முதலில் பெர்ச் மீன்கள் கடித்தன, கையளவுதான், ஆனால் விடாமல். பிறகு நண்பரின் ராட் வளைந்தது. நுரை வரிசைக்கு அடியிலிருந்து பைக் என்ற வேட்டை மீன் ஒன்று இரையைக் கவ்விக்கொண்டு ஆழத்துக்கு ஓடியது. "விடுங்க, விடுங்க, நரம்பைக் குடுங்க" என்று நான் கத்த, அவர் எனக்கு முன்பே பிடியைத் தளர்த்தியிருந்தார். படகோரத்துக்கு வந்தபோது அதன் விலாவில் வரிவரியாகப் பச்சை. தண்ணீரிலேயே வைத்துத் தூண்டில் முள்ளை எடுத்துவிட்டோம். காற்றழுத்தம் ஏறிக்கொண்டிருந்த நாள் என்பதை நான் நினைவூட்டாமல் இருக்கவில்லை.

மதியத்துக்குப் பின் ஏரியின் ஆழமான முனைக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே கதையே வேறு. அழுகிய முட்டை நாற்றம், மேலே கறுப்புத் துணுக்குகள், ஒரு கடிகூட இல்லை. கோடையில் ஆழமான ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும், மேலே சூடு, அடியில், பல ஏரிகளில், ஆக்சிஜன் தீர்ந்த குளிர்நீர். தண்ணீருக்கு 4 டிகிரி செல்சியஸில்தான் கனம் அதிகம். இலையுதிர் காலத்தில் மேல்நீர் அந்த அளவை நோக்கிக் குளிரக் குளிரக் கீழே இறங்கும். மழையும் பலத்த காற்றும் சேர்ந்தால் வேலை வேகமாக நடக்கும். அப்படிப் புரளும்போது அடித்தண்ணீரின் நாற்றமும் கழிவும் மேலே வரும், மீன்கள் சிதறிப்போகும். சில நாள் கழித்து எல்லாம் கலந்து முடிந்தால் அடிவரை மூச்சுக்காற்று கிடைக்கும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் தாங்கும் தண்ணீர், 10 டிகிரியில் 11.3 தாங்கும். அந்த முனைக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை. ஆழமில்லாத ஏரிகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை, காற்றடிக்கும்போதெல்லாம் கலந்துவிடுகின்றன. வெள்ளத்துக்குப் பிறகு ஆழமான ஏரியா, ஆழமில்லாததா என்று குழம்பினால் இதையும் கணக்கில் சேர்க்கலாம்.

மறுபடி நுரை வரிசைக்கே திரும்பினோம். அது காலையில் இருந்த இடத்தில் இல்லை. ஓடையின் வேகம் குறைந்ததால் கோடு கரைப் பக்கம் நெருங்கியிருந்தது, மீனும் கூடவே நகர்ந்திருந்தது. பொழுது சாயும்வரை அதைப் பின்தொடர்ந்தோம்.

கரையேறியதும் சோப்புப் போட்டுக் கை கழுவினோம். வெள்ளத் தண்ணீர் சாக்கடையையும் தொழுவத்தையும் கழுவிக்கொண்டுதான் வருகிறது, விரலில் முள் கீறிய காயம் வேறு. படகின் அடித்தண்ணீரை வடித்து, பூட்ஸ் சேற்றைச் சுரண்டி, வலையைக் காய வைத்தோம். ஒரு ஏரியின் சிப்பிக் குஞ்சும் பாசியும் அடுத்த ஏரிக்குப் போவது இப்படி ஈரமாக மூட்டை கட்டும் சாமான்களில்தான். அடுத்த ஏரி எது என்று வண்டியில் ஏறும்போதே நண்பர் கேட்க ஆரம்பித்துவிட்டார்.