தைப்பூசம் முடிந்த பிறகு பினாங்கில்

கோலாலம்பூர்க்காரர்கள் பத்துமலையை விட்டுவிட்டு பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனால், பூசம் முடிந்த மறுநாளே வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். நான் இந்த முறை தங்கிவிட்டேன். பூச நட்சத்திரத்தைக் கண்ணால் பார்க்க ஆசை. திருவிழாவே அதன் பெயரில் நடக்கிறது, ஆனால் அன்றைக்குப் பௌர்ணமி நிலா அதன் பக்கத்திலேயே நின்று அதை மறைத்துவிடும். வெள்ளி ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கிற இரவில் யார் அண்ணாந்து தேடினாலும் கிடைக்காது.

நிலா தாமதமாக எழும்வரை சில நாள் பொறுத்தேன். அப்புறம் தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கெர்தாக் சங்குல் என்ற மீனவர் கிராமத்துக்குப் போனேன். ஜார்ஜ் டவுன் நகரத்து வெளிச்சம் மலைகளுக்கு அப்பால் நின்றுவிடுகிறது. தெற்கே கடல்தான்.

ஒன்பது மணிக்கு உச்சியில் ஓரியன், வேடன் உருவ நட்சத்திரக் கூட்டம். அந்த வேடனின் தோளில் சிவந்து தெரிவது நம் திருவாதிரை. வடமேற்கே ரோகிணி, இன்னும் தள்ளிக் கார்த்திகை. தெற்கே கடலுக்கு மேல் அகத்தியர் நட்சத்திரம் (கனோபஸ்). சென்னை வானத்தில் இருப்பதைவிட இங்கே அவர் உயரத்தில் நிற்கிறார், பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வெறும் 5 டிகிரி வடக்கேதானே. கிழக்கே பூசம் மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள்ளே புகை போல ஒரு வெண்திட்டு. பைனாகுலரை வைத்ததும் அது பல நட்சத்திரங்களாகப் பிரிந்தது. இதற்காகத்தான் வந்தேன், மனம் நிறைந்தது.

ஆனாலும் அன்று அதிக நேரம் பார்த்தது கார்த்திகையை. வானத்து உருவங்களில் பெரும்பாலானவை நாம் நிற்கும் இடத்தால் உண்டாகிறவை. ஓரியனின் ஒரு தோள் சுமார் 250 ஒளியாண்டு தூரம், திருவாதிரை அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வேறொரு மூலையிலிருந்து பார்த்தால் வேடன் கலைந்துபோவான். கார்த்திகை கலையாது. சுமார் 440 ஒளியாண்டுக்கு அப்பால், ஒரே வாயு மேகத்தில், ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த கூட்டம் அது. இன்றும் சேர்ந்தே நகர்கிறது. இத்தனை நட்சத்திரங்கள் தற்செயலாக இவ்வளவு நெருங்கித் தெரியும் வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று 1767இல் ஜான் மிட்செல் என்ற ஆங்கிலேயர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகள் முன்பே, தொலைநோக்கி இல்லாத நம்மவர்கள் அவற்றை முருகனை வளர்த்த ஆறு பெண்களாக, ஒரே குடும்பமாகக் கண்டிருக்கிறார்கள். இரவு இரவாக வானத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது வாய்க்கும் என்று நம்புகிறேன். காவடி பார்த்த அதே வாரத்தில் அந்த ஆறையும் எண்ணியபோது கண் கலங்கிவிட்டது.

விடியற்காலை ஐந்து மணிக்கும் கரைக்கு வந்தேன். கடல்மேல் திரிசங்கு, அந்தத் தென்சிலுவை நட்சத்திரக் கூட்டம், நிமிர்ந்து நின்றது. படகைத் தயார் செய்துகொண்டிருந்த பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவரிடம் காட்டினேன். திருக்கை மீன் என்றார். நாலு நட்சத்திரத்தையும் இணைத்துப் பார்த்தால் திருக்கையேதான்! எனக்குத் தெரிந்த மலாயில், உடம்போடு சொர்க்கம் போக நினைத்துப் பாதியில் தொங்கும் ராஜா கதையைச் சொன்னேன். ரசித்துக் கேட்டார். பிறகு, மீன் இப்படி நிமிர்ந்து நிற்கும்போது அதற்கு நேர் கீழே தெற்கு, அப்பா சொல்லிக்கொடுத்தது என்றார். கைப்பேசியில் திசைகாட்டியைத் திறந்து பார்த்தேன். சரியாக இருந்தது.

போக நினைப்பவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் போங்கள், மழை குறைவு. பௌர்ணமி கழித்து நாலைந்து நாள் விடுங்கள். பைனாகுலர் கட்டாயம்.