ஆத்துத் தண்ணி வராத நாள்

"அப்ப ஆத்துத் தண்ணி வராத அன்னிக்கு டேங்க்கைக் காலியா போட்டுடறதா சார்?" தருமபுரிப் பக்கம் ஒரு டேங்க் ஆபரேட்டர் கேட்டது. புளோரைடு அதிகமுள்ள போர் தண்ணியையும், ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் வரும் காவிரித் தண்ணியையும் ஒரே டேங்கில் ஏற்றாதீங்கண்ணே என்று நான் சொன்னதற்கு வந்த கேள்வி.

கலந்தால் என்ன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. போர் தண்ணீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு, ஆற்று நீரில் 0.3 என்று வைத்துக்கொள்வோம். சரிபாதி கலந்தால் 1.65. இந்தியத் தர அளவு 1; வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. ஒரு பங்கு போருக்கு இரண்டு பங்கு ஆற்று நீர் சேர்த்தால் 1.2க்கு இறங்கும். 1க்கு மேல்தான் என்றாலும், தாளில் குறைவது சரிதான். டேங்கில் பங்கு பிரிப்பது யார்? மீட்டர் கிடையாது. மோட்டார் ஓடிய நேரம்தான் அளவு, கரண்ட் போனால் அதுவும் போச்சு. காலையில் எடுத்த சாம்பிள் சாயங்காலத் தண்ணீருக்குப் பொருந்தாது. தெருக்கோடிக் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலில், வெவ்வேறு வேளைகளில் பிடித்தால்தான் ஏதாவது தெரியும்.

ஆகவே கலக்க வேண்டாம் என்றது சரியே. எட்டு வயதுக்குள் உருவாகும் பல்லில் புளோரைடு ஏற்றிய கறை அப்புறம் போகாது. அது எலும்பில் சேர்ந்து மூட்டு இறுகினால் அதற்கு மருந்தும் இல்லை.

ஆனால் டேங்க் காலியானால் குடம் திறந்த கிணற்றுக்குப் போகும். புளோரைடு வருஷக்கணக்கில் வேலை செய்கிறது. வயிற்றுப்போக்கு இரண்டே நாளில் குழந்தையைச் சாய்த்துவிடும். மூன்று நாள் போர் தண்ணீரால் யார் எலும்பும் வளையாது. அப்படிப் பார்த்தால் ஆபரேட்டர் பக்கம்தான் நியாயம். கோடையில் அந்த மூன்று நாள் மூன்று மாதமாக நீளும் என்பதுதான் உதைக்கிறது.

கேன் வாங்கட்டும் என்பதும் பாதி பதில்தான். களி கிண்டுவதும் பருப்பு வேகவைப்பதும் குழாய்த் தண்ணீரில். அதிலுள்ள புளோரைடும் சேர்ந்தே வயிற்றுக்குள் போகிறது. "காய்ச்சித்தான் குடிக்கிறோம்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். கிருமி சாகும், புளோரைடு சாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடும்.

போரைத் தனிச் சின்டெக்ஸ் தொட்டிக்குத் திருப்பி, துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் விடலாம் என்பதே கடைசியாகச் சொன்ன யோசனை. மாட்டுக்குக் காட்டக் கூடாது, அதற்கும் பல் தேயும், கால் நொண்டும். இதிலும் ஓர் ஓட்டை உண்டு: குடிநீர்க் குழாயைவிடத் தொட்டி கிட்டத்தில் இருந்தால் குடத்தை அங்கேதான் வைப்பார்கள். தொட்டி வைக்கத் தெருவில் இடம் இருந்ததும் அப்படிக் கிட்டத்தில் மட்டும்தான்.