சித்தி கேட்ட கேள்விக்கு நடுநிலையாகப் பதில் சொல்ல முடியவில்லை

சித்தப்பாவுக்குக் கீமோ ஓடிக்கொண்டிருந்தபோது சித்தி போன் பண்ணினாள். "வைட்டமின் சி நிறையக் கொடுத்தா நல்லதாமே, கொடுக்கட்டுமாப்பா?" யோசிக்காமல் வேண்டாம் என்றேன், டாக்டரைக் கேளு என்றேன். "புளிப்பு மாத்திரைதானடா அது" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம் முழுக்க நான் படித்துக்கொண்டிருந்தது அந்த மாத்திரையின் சண்டையைத்தான். இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங்கும் ஸ்காட்லாந்து மருத்துவர் யுவன் கேமரூனும் 1976இல், நாளுக்கு 10 கிராம் கொடுத்த 100 புற்றுநோயாளிகள் கூடுதல் நாள் வாழ்ந்தார்கள் என்று எழுதினார்கள். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் நாளுக்கு இருபது! ஒப்பிட எடுத்ததோ பழைய பதிவேட்டிலிருந்து 1000 பேரை. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை முறைப்படி சோதித்துவிட்டு 1979இலும் 1985இலும் பலன் இல்லை என்றது. பாலிங் விடுவாரா? முதல் சோதனையில் பலர் ஏற்கெனவே கீமோ எடுத்தவர்கள் என்றார், இரண்டாவதில் மாத்திரையைச் சீக்கிரமே நிறுத்திவிட்டீர்கள் என்றார்.

இந்தச் சண்டையை ஆராய்ந்த எவலீன் ரிச்சர்ட்ஸ், அறிவியலைச் சமூகவியல் கண்ணால் பார்க்கும் துறைக்காரர். அவர் கையில் இருந்தது அதே துறையின் டேவிட் புளூர் வகுத்த சமச்சீர் விதி. ஜெயித்த கருத்தோ தோற்ற கருத்தோ, இரண்டுக்கும் ஒரே மாதிரிக் காரணம் தேடு என்பது அது. அப்படித் தேடினால் மேயோவின் முடிவுக்குப் பின்னாலும் தொழில், அதிகாரம் எல்லாம் வரத்தானே செய்யும். 1990இல் ரிச்சர்ட்ஸும் பாம் ஸ்காட்டும் பிரையன் மார்ட்டினும் சேர்ந்து, நடுநிலை என்பதே கட்டுக்கதை, சமச்சீராக எழுதினால் மதிப்பு குறைந்த தரப்புதான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடும் என்று எழுதினார்கள். ஊர்ப் பஞ்சாயத்தில் பண்ணையாரையும் கூலிக்காரரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தாலே பாதி தீர்ப்பு முடிந்த மாதிரிதானே!

அதே துறையின் ஹாரி காலின்ஸ் இதை ஏற்கவில்லை, முறை என்ற அளவில் நடுநிலை வேண்டும் என்றார். நான் அவர் பக்கம் பாதிதான். ஆராயும்போது இரண்டு பக்கமும் ஒரே கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும், ஆனால் எழுதி முடித்து வெளியே வந்தபிறகு "எனக்குப் பக்கமே இல்லை" என்பது என்னால் முடியாது. அதற்காகச் சார்பு என்றாலே நல்ல பக்கம் என்றும் நினைத்துவிடவில்லை. 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் வழக்கில், பரிணாம வளர்ச்சிக்குப் போட்டியாக, உயிர்களை ஏதோ ஓர் அறிவுதான் வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' பற்றி மாணவர்களுக்குச் சொல்லச் சொன்ன பள்ளி வாரியத்துக்காகச் சாட்சி சொன்னவர் ஸ்டீவ் புல்லர், இதே துறைக்காரர். வாரியம் தோற்றது. அதைப் படித்தபோது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.